எந்த இடத்தில் மூடினாய்?

2014 ஆம் ஆண்டளவில் எங்கள் தீவுப்பகுதியில் அனிமே பஸ்ஸிலும் படகிலும்தான் பயணம் செய்தது. யாழ்ப்பாணத்துக்கு உயர்தர ரியூசனுக்குப் போய்வந்த ஒரு சிறு கூட்டம் நாங்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து நானும் இன்னொருவனும், கரம்பொனிலிருந்து ஒரு தம்பி, நயினாதீவிலிருந்து ஒருவன், நெடுந்தீவிலிருந்து ஒருவன். நெடுந்தீவுக்காரன் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்து, வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போவான். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் 776 ஆம் இலக்க பஸ். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழும்பிவிட்டால் நெடுந்தீவுக்காரரின் நேரக்கணக்கைக் கடல்தான் தீர்மானிக்கும்.

கூட்டம் முழுவதுக்கும் ஒரே ஒரு ஹாட் டிஸ்க். கோயில் திருவிழாவுக்குப் பிரான்சிலிருந்து வந்த மச்சான் ஒருவர் எனக்குத் தந்துவிட்டுப் போனது. அவர் சேர்த்து வைத்திருந்தது பாதி, நாங்கள் நிரப்பியது மீதி. நள்ளிரவுக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த இரவு டேட்டாவை நம்பி, டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் படுப்போம். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு அத்தியாயம் இறங்கியிருக்கும், மூன்றாவது முக்கால்வாசியில் நின்றிருக்கும். அப்படிச் சேர்த்ததை ஒருவன் இலவசமாகப் பார்த்துவிட்டு, "எப்பிடி?" என்று கேட்டால் "சுப்பர் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத்தான் எரியாது? அந்த எரிச்சலில் பிறந்ததுதான் கொப்பி.

ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி. ஹாட் டிஸ்க்கோடு சேர்ந்தே போகவேண்டும், சேர்ந்தே திரும்பவேண்டும். பார்த்தவர் ஒரு பக்கமாவது எழுதாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. "சுப்பர்", "செம", "அறுவை" மூன்றும் தடை. பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவதும் பிறகு தடைசெய்யப்பட்டது. ஏனென்றால் நயினாதீவுக்காரன் எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டான், நெடுந்தீவுக்காரன் எதற்கும் ஆறுக்கு மேலே போகமாட்டான், இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. கதையின் முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தப் பக்கத்தை மடித்து ஸ்டேப்பிள் அடிக்கவேண்டும். படத்தைப் பார்த்து முடித்தவர்தான் ஊசியைக் கழற்றலாம். இதை மீறியவர்கள் இருந்தார்கள். ஊசிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு துளை தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி மட்டும் எல்லாருக்கும் கட்டாயம்: எந்த இடத்தில் மூடினாய்? லப்டொப்பை எந்தக் காட்சியில் மூடி வைத்துவிட்டு எழும்பினாய், தண்ணீர் குடிக்கப் போனாய், நித்திரையானாய், அல்லது மூடவே முடியாமல் அடுத்த அத்தியாயத்தைத் தட்டினாய். இதைக் கொண்டுவந்தது கரம்பொன் தம்பியின் அக்கா. அவவை நாங்கள் யாரும் அதிகம் கண்டதில்லை. பெடியள் கூடுகிற இறங்குதுறைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் ஒரு குமர்ப்பிள்ளை வந்து அனிமே கதைப்பது அந்த நாளில் எங்கள் ஊரில் நடக்கிற காரியம் இல்லை. தம்பியின் முறை வரும்போது அவனோடு சேர்ந்து பார்ப்பா. நீல மையில், சாய்வான எழுத்தில், தம்பியின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுவா. கொப்பி கரம்பொனிலிருந்து திரும்பினால் முதலில் நீல மையைத்தான் தேடிப் படிப்போம். கூட்டத்திலேயே கூர்மையான கண் அவவுடையது என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மொழி ஒரு பெரிய சிக்கலாக இருந்தது. சின்ன வயதில் நாங்கள் பார்த்த ஜப்பான் தமிழில் பேசியது. இந்திய அலைவரிசையான ஹங்காமாவில் சின்சான் தமிழில் வாய்காட்டும்போது அப்பாவும் நின்று சிரித்துவிட்டுத்தான் போவார். ஹாட் டிஸ்க்கில் வந்தவை ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும். எழுத்து ஓடுகிற வேகத்துக்கு எங்கள் ஆங்கிலம் ஓடாது. நயினாதீவுக்காரன் தன் தம்பிமார் இரண்டு பேரையும் பக்கத்தில் இருத்தி, வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே பார்ப்பான். தம்பிமாரும் கொப்பியில் எழுதினார்கள். அவர்களின் பக்கத்தைப் படித்தபோதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. 'ஸ்டைன்ஸ் கேட்' தொடரின் நாயகன் நல்ல பகிடிக்காரன் என்று இருவரும் எழுதியிருந்தார்கள். அவன் தன்னை ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியாகப் பாவித்து ஆடுவது உண்மைதான், ஆனாலும் அவர்கள் குறிப்பிட்ட பகிடிகளில் பாதி அந்தத் தொடரில் இல்லை. அண்ணன்காரன் விளங்காத இடங்களில் தன் சொந்தச் சரக்கை விட்டிருக்கிறான்! அதற்குப் பிறகு அவர்களின் பக்கத்துக்கு மேலே "அண்ணை சொன்ன கதை" என்று தலைப்பிட்டோம். விமர்சனம் எதைப் பற்றியது என்ற நேர்மை அதில் இருந்தது.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் கொப்பியில் அடங்காத அபிப்பிராயங்கள் வந்தன. 'மின்மினிகளின் கல்லறை'. ஸ்டூடியோ கிப்லிக்காக இசாவோ தக்காஹாத்தா இயக்கி 1988 ஏப்ரலில் வெளிவந்தது. ஜப்பானியத் திரையரங்குகளில் மியாசாக்கியின் 'டொட்டோரோ'வோடு ஒரே காட்சியில் இரட்டைப் படமாகப் போட்டார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது அந்தப் பார்வையாளர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. 1945 இல் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்ட காலத்துக் கதை. தாயைப் பறிகொடுத்த பதினாலு வயது செய்தாவும் நாலு வயதுத் தங்கை செத்சுக்கோவும் தூரத்து உறவான ஒரு மாமி வீட்டில் ஒதுங்குகிறார்கள். மாமியின் சுடுசொல் தாங்காமல் வெளியேறி, குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்குகுழியில் தனியாகக் குடித்தனம் நடத்தப் பார்க்கிறார்கள். பதுங்குகுழியை எங்கள் வீடுகளில் பங்கர் என்போம். எங்கள் ஊரில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

அன்று எங்கள் வீட்டில் தையல் மெசின் மேசையில் லப்டொப்பை வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றா. பிறகு இருந்தா. வேலணையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும் வந்தா. "ஓஷின் நாட்டுக்காரரோ?" என்று கேட்டா. ரூபவாகினியே 1982 இல் ஜப்பானிய அரசின் கொடையில் தொடங்கிய தொலைக்காட்சி நிலையம். அதில் சிங்களம் பேசிய ஜப்பானியத் தொடர் நாயகி ஓஷினைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறை பெரியம்மாவுடையது. ஓம் என்றேன். நானே வரிக்கு வரி சொன்னேன். நயினாதீவுக்காரன் போல இடைச்செருகல் செய்ய மனம் வரவில்லை.

மாமி அந்தத் தாயின் கிமோனோக்களைக் கொடுத்து அரிசி மாற்றும் காட்சி வந்தது. அம்மா மெதுவாக, "கூறைச்சீலை" என்றா. அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் தீவைவிட்டு வெளிக்கிட்டு மானிப்பாயில் ஒதுங்கியிருந்தபோது தன் கூறைச்சீலை எங்கே போனது என்பதை அம்மா அதற்கு முன் எங்களுக்குச் சொன்னதே இல்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. அரிசியில் பெரும்பங்கைத் தன் வீட்டாருக்கு வைத்துக்கொண்டு, இந்த இரண்டுக்கும் தண்ணிக் கஞ்சியை ஊற்றுகிறாள் மாமி. எனக்கு அவளில் கோபம் பொங்கியது. கூட்டத்தில் முன்னமே பார்த்த எல்லாரும் கொப்பியில் அவளைத் திட்டித்தான் எழுதியிருந்தார்கள்.

பெரியம்மா திட்டவில்லை. "அவ சொல்லுறதிலே என்ன பிழை? பதினாலு வயசுப் பெடியன். ஒரு வாளி தண்ணி அள்ளிக் குடுத்தவனோ? விறகு பொறுக்கினவனோ? படுத்துக் கிடந்து புத்தகம் பாக்கிறான். வீட்டுக்காரி எத்தனை வயித்தைப் பாக்கிறது?" என்றா. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தாயைப் பறிகுடுத்த பிள்ளை அக்கா அது." "அதுக்கு? பாங்கிலே தாய் காசு விட்டிட்டுப் போயிருக்கிறா. எடுத்துக் குடுத்திட்டு மரியாதையா இருந்திருக்கலாம். ரோசம் பாத்தான். தங்கச்சியைத் திண்டிட்டான்."

மானிப்பாயில் வீட்டுக்காரியாக இருந்தது பெரியம்மா. தீவிலிருந்து வந்து அந்த வீட்டில் ஒதுங்கியிருந்தது அம்மா. மூன்று குடும்பம் ஒரு வீட்டில். பிறகு 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே வெளிக்கிட்டபோது இருவரும் ஒரே சைக்கிளை உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார்கள். இருபது வருஷமாக இரண்டு பேரும் கதைக்காமல் விட்டதை அந்தப் படத்தை வைத்து அன்று கதைத்தார்கள். நேராக ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் "அந்தப் பெடியன்", "அந்த மாமி". நான் படத்தை நிறுத்திவிட்டேன். அதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

கொப்பியில் அந்த வாதத்தை அப்படியே எழுதினேன். பெரியம்மா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று. கூட்டத்தில் பெரும் சண்டை. நெடுந்தீவுக்காரன் பெரியம்மா பக்கம் போய்விட்டான். மாமி வீட்டில் தங்கிப் படித்தவன் அவன் என்பதை இங்கே சொல்லவேண்டும். பல வருஷத்துக்குப் பிறகு தக்காஹாத்தாவின் பேச்சுகளைப் பற்றி வாசித்தேன். தன் படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்று மற்றவர்கள் சொல்வதை அவர் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறார். ஊரோடும் உறவோடும் ஒட்டை அறுத்துக்கொண்டு தாங்கள் இருவர் மட்டும் வாழலாம் என்று அந்தப் பிள்ளைகள் போட்ட கணக்குத் தோற்றுப்போவதைத்தான் காட்டினேன் என்பது அவர் விளக்கம். 2018 இல் அவர் காலமானார். உலகமெல்லாம் அழுதுவிட்டு விட்ட படத்தை, அவர் எதிர்பார்த்த கோணத்தில் முதல்தடவையிலேயே பிடித்தவர் வேலணையில் ஒருவர் இருந்தார். ஜப்பானில் மூலக்கதையை 1967 இல் எழுதிய நோசாக்கா அக்கியுக்கி, போரில் தன் தங்கையைப் பட்டினிக்குக் கொடுத்தவர். அவரே அண்ணனை மன்னிக்காமல்தான் எழுதினார் என்று எனக்குப் படுகிறது.

நீல மை என்ன சொன்னது? அக்கா மாமியைப் பற்றியும் பெடியனைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் படத்தில் ஒரு பழ இனிப்புத் தகரப்பேணி வருகிறது. அதை மட்டும் பின்தொடர்ந்திருந்தா. முதலில் இனிப்புக் கிலுங்கும் சத்தம். இனிப்பு முடிந்த பிறகு தண்ணீர் விட்டுக் கழுவிக் குடிக்கும் சத்தம். கடைசியில் அதற்குள் தங்கையின் எலும்பு. படம் தொடங்கும்போதே ரயில் நிலையத் தொழிலாளி ஒருவன் அந்தப் பேணியைத் தூக்கி இருட்டுக்குள் எறிகிறான், அப்போதே எங்களுக்கு எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, நாங்கள்தான் சத்தத்தைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தா. மூடிய இடம்: "மூடவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்." அபிப்பிராயம் எழுதுவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்தப் பக்கத்தில்தான். பிறகு பல்கலைக்கழகத்தில் விமர்சனக் கோட்பாடுகள் படித்தேன். அந்தப் பக்கத்தளவு உதவவில்லை.

அனிமேயிலிருந்து விசுவல் நாவலுக்குத் தாவியது நெடுந்தீவுக்காரனால். படமும் இசையும் பின்னால் இருக்க, முன்னால் வரிவரியாகக் கதை ஓடும். நீங்கள் தட்டத் தட்ட நகரும். இடையிடையே கேள்வி வரும், நீங்கள் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப வேறு வேறு பாதையில் போகும். 'ஃபேட் ஸ்டே நைட்' என்ற 2004 ஆம் ஆண்டுக் கதையில் மூன்று பெரும் பாதைகள். இதனால் எங்கள் கொப்பிக்குப் புதுத் தலையிடி. ஒரே கதையை இருவர் வாசித்துவிட்டுச் சண்டை பிடிப்பார்கள், அரை மணித்தியாலம் போன பிறகுதான் இருவரும் வாசித்தது ஒரே கதை இல்லை என்று தெரியவரும். "நீ எந்தப் பாதை?" என்று முதலில் கேட்கப் பழகினோம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுகிற மிதவைக்கும் எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். இதை வைத்துக் கூட்டத்தில் நடந்த பகிடிகளை எழுதினால் கட்டுரை முடியாது.

'கத்தவா ஷோஜோ' என்ற விசுவல் நாவல் 2012 ஜனவரி 4 அன்று இலவசமாக வெளிவந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்கில் சேர்ந்து செய்தது. உடற்குறை உள்ள பிள்ளைகள் படிக்கும் ஒரு ஜப்பானியப் பாடசாலையில் நடக்கும் கதை. வயது வந்தோருக்கான காட்சிகளும் உண்டு, அவற்றை மறைத்து வைக்கும் வசதியும் உண்டு. கொப்பியோடு போனபோது நாங்கள் எந்த வசதியைத் தெரிவுசெய்தோம் என்பதை இங்கே விசாரிக்கவேண்டாம். அதில் எமி என்று ஒரு பிள்ளை. விபத்தில் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போனவள், செயற்கைக் காலோடு ஓட்டப் பந்தயம் ஓடுபவள். எங்கள் எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. துணிச்சல், புன்னகை, நம்பிக்கை என்று ஆளுக்கு ஒரு பக்கம் நிரப்பியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் இருந்தார். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செய்து கொடுத்த காலோடு நடப்பவர். ஹாட் டிஸ்க் ஒருமுறை பழுதாகி அவரிடம் போனது. திருத்தியவர் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்திருக்கிறார். எமியின் பாதையை அகராதி வைத்துக்கொண்டு முழுக்க வாசித்திருக்கிறார். கொப்பியையும் வாசித்திருக்கிறார். ஹாட் டிஸ்க்கைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கினம், தம்பி. அந்தப் பிள்ளைக்கு மிச்சக் காலிலே புண் வந்து சக்கர நாற்காலியிலே திரியிற இடம் சரி. அது கட்டாயம் வரும். எழுதினவைக்கு ஆரோ சொல்லியிருக்கினம். ஆனா அங்கே வெயில் இல்லை. எங்கடை வெயிலிலே செயற்கைக் காலின்ரை கோப்பைக்குள்ளே வேர்த்து வழுக்கும். பின்னேரம் கழட்டினால் மணக்கும். அதை எழுதேல்லை." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஒருத்தரும் புண்ணைப் பற்றி எழுதேல்லை. சிரிப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறியள்" என்றார்.

கொப்பியில் எழுதும்படி கேட்டோம். எழுதமாட்டேன் என்றுவிட்டார். நான் எழுதிவைத்தேன்.

2017 இல் நெடுந்தீவுக்காரன் தானே ஒரு விசுவல் நாவல் செய்யப் புறப்பட்டான். ரென்பை என்ற இலவச மென்பொருள், கத்தவா ஷோஜோவும் அதில் செய்ததுதான். கனடாவில் பிறந்த ஒரு பிள்ளை, தாத்தாவின் காணியை விற்பதற்காக நெடுந்தீவுக்கு வருகிறாள். முருகைக்கல் வேலிகள், வெட்டையில் மேயும் குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை. விற்பதா விடுவதா என்பதுதான் கதை. டீசல் ஜெனரேற்றரில் ஓடுகிற தீவு மின்சாரத்தில், போனில் படம் பிடித்து, அதன்மேல் கோடு கீறி நிறம் தீட்டினான்.

முதல் தடை எழுத்து. அப்போதைய ரென்பைக்குத் தமிழ் யுனிகோட் தெரியாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். வழி கண்டுபிடித்தவன் நயினாதீவுக்காரன்: பாமினி! எங்கள் கொமியூனிக்கேஷன் கடைகளும் அச்சகங்களும் காலாகாலமாக அடித்துத் தள்ளிய அந்தப் பழைய எழுத்துருவில் ஒவ்வொரு வடிவமும் ஓர் ஆங்கில விசையில் உட்கார்ந்திருக்கும், கொம்பை முன்னால் நீங்களே அடிக்கவேண்டும், மென்பொருளுக்கு மூளை தேவையில்லை. எல்லாம் சரியாக வந்தது, 'ஜ' வரும் வரைக்கும். பாமினியில் ஜ இருப்பது சதுர அடைப்புக்குறி விசையில். ரென்பைக்கு அந்தக் குறி ஒரு கட்டளையின் தொடக்கம். ஜ வந்த இடமெல்லாம் கதை நின்று பிழைச்செய்தி காட்டியது. ஷ இருக்கும் விசையிலும் இதே கரைச்சல். குறியை இரட்டித்து அடித்தால் தீரும் என்று தெரியும் முன்னமே அவன் கதையிலிருந்து அந்த எழுத்துகளை ஒட்டுமொத்தமாகத் துரத்திவிட்டான். ராஜன் மாமா இராசன் மாமா ஆனார். ஜீன்ஸ் காற்சட்டை ஆனது. "தனித்தமிழ்க் கதையோ?" என்று நீல மை கேட்டிருந்தது. பின்னர் வந்த ரென்பைப் பதிப்புகள் யுனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றன. இன்று தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கூத்து இல்லை.

மற்றவர்கள் செய்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சுகம். தக்காஹாத்தா குறிகட்டுவானில் வந்து நிற்கப் போவதில்லை. செய்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை அதே பஸ்ஸில் உங்கள் பக்கத்துச் சீற்றில் இருக்கப்போகிறான் என்றால் கொப்பியில் என்ன எழுதுவீர்கள்? முதல் சுற்றில் எல்லாரும் தடைசெய்யப்பட்ட சொற்களுக்கே திரும்பினோம். நானும் "நல்ல முயற்சி" என்று எழுதினேன். அவன் கொப்பியை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பைக்குள் வைத்தான். ஊர்காவற்றுறைப் பக்கக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து முடிந்த மறுநாள், ராசா வேஷம் கட்டியவனின் முகத்துக்கு நேரே "உன்ரை தாளம் விழுந்தது" என்று சொல்லிவிட்டு அவனுக்கே தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெம்பு எங்களிடம் இல்லை.

நீல மைக்கு இருந்தது. "கதையில் பதினொரு கேள்வி கேட்கிறீர். அதில் எட்டுக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் அதே காட்சிதான் வருகிறது. அப்ப ஏன் கேட்டனீர்?" என்று தொடங்கி நான்கு பக்கம். இறங்குதுறைக் காட்சியில் அவன் செர்ரிப் பூவிதழ்களைப் பறக்கவிட்டிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டா. நெடுந்தீவில் புழுதியும் பனஞ்சருகும் பறக்கும், பூ எங்கிருந்து வந்தது? இந்தப் பிள்ளை ஏன் மாலுமி உடுப்பு மாதிரிச் சட்டை போட்டிருக்கிறாள், கனடாப் பிள்ளையா யோக்கோஹாமாப் பிள்ளையா? இதில் எனக்கு அக்காவோடு உடன்பாடு இல்லை, இன்றைக்கும் இல்லை. பதின்வயதில் ஆயிரம் அனிமேயில் பார்த்த பூ எங்கள் தலைக்குள் உண்மையாகவே பறந்தது. தலைக்குள் இருப்பதும் ஊரில் இருப்பதுதான் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

இந்தச் சண்டைக்கு வெளியிலிருந்து வந்த குறிப்புத்தான் கதையை மாற்றியது. நெடுந்தீவுக்காரனின் சித்தப்பா படகு ஓட்டுபவர். போனில் காட்டச் சொல்லி இரண்டு காட்சி பார்த்தார். "எந்த மாசத்திலே வாறா உந்தப் பிள்ளை?" ஆவணி என்றான், கனடாவில் பள்ளி விடுமுறை. "ஆவணியிலே கடல் உப்பிடிப் படுத்துக் கிடக்குமோ? சோளகத்துக்கு அவ சத்தியெடுத்துக்கொண்டெல்லோ வந்து இறங்குவா? உவன் கரையிலே நிண்டு பூப் பாக்கிறான்!" அந்த ஒரு குறிப்புக்குப் பிறகு அவன் முதல் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினான். நாயகி ஈரச்சட்டையோடு, முகம் வெளிறி, யாரோ ஒரு ஆச்சி கொடுத்த தேசிக்காயை மணந்துகொண்டு இறங்குகிறாள். பூவை அவன் எறியவில்லை. அவளுடைய போன் திரையின் பின்படமாக வைத்துவிட்டான். கேள்விகள் பதினொன்று நான்காகக் குறைந்தன, நான்கும் கதையைத் திருப்பின. நாங்கள் நாசூக்காக எழுதிய பக்கங்களில் ஒன்றைக்கூட அவன் பயன்படுத்தவில்லை. பயன்படுத்த அதில் ஒன்றும் இருக்கவுமில்லை.

2019 ஜூலை 18 அன்று கியோத்தோ அனிமேஷன் நிறுவனத்துக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனம் செய்த 'கிளானட்' தொடரின் முடிவைப் பற்றி அக்கா முன்னொருநாள் மிகக் கடுமையாக எழுதியிருந்தா. ஸ்டேப்பிள் அடித்த பக்கம், அதனால் என்ன எழுதினா என்று இங்கே சொல்லமாட்டேன். செய்தி வந்தபோது கொப்பி அவவிடம்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை அவ கிழிக்கவுமில்லை, மாற்றவுமில்லை. அடுத்த பக்கத்தில் அந்தத் தொடரில் தனக்குப் பிடித்த காட்சிகளை, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மயிர் எப்படி அசைகிறது என்பதுவரை, வரிசையாக எழுதியிருந்தா. இரங்கல் என்ற சொல் அதில் இல்லை.

பிறகு ஆளுக்கொரு திசை. 2022 இல் நாடு டீசலுக்கு வரிசையில் நின்றபோது படகுகள் குறைந்தன, நெடுந்தீவுக்காரன் மாசக்கணக்கில் ஊரிலேயே நின்றான். அந்த வருஷத்தில் எங்கள் தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் சீனா போடுவதா இந்தியா போடுவதா என்ற இழுபறி முடிந்து, இந்தியா மானியம் தருவதாக ஒப்பமானது. அவன் இரண்டாவது கதையை மின்வெட்டுக்கு இடையில் தொடங்கினான். நயினாதீவுக்காரன் லியோனில். கரம்பொன் அக்கா ஸ்காபரோவில், இரண்டு பிள்ளைகளோடு. கொப்பி என்னிடம். ஹாட் டிஸ்க் இனி எந்தக் கடையிலும் திருத்த முடியாத நிலையில். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் தமிழிலேயே பேசிக்கொண்டு ஓடியது. என் மருமகப் பிள்ளைகளுக்கு வரிக்கு வரி சொல்லிக்கொடுக்க அண்ணன்மார் தேவையில்லை.

நெடுந்தீவுக்காரனின் இரண்டாவது கதை முடியும் தறுவாயில் இருக்கிறது. யுனிகோடில்தான், ஜ எல்லாம் தாராளமாக உண்டு. வாசிக்கத் தருவான். உங்களுக்கும் யாராவது ஒரு பெடியனோ பிள்ளையோ தாங்கள் கீறியதை, எழுதியதைப் போனில் காட்டக்கூடும். "நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் மூடினீர்கள் என்று சொல்லுங்கள். மூடாவிட்டால் அதையும் சொல்லுங்கள்.